நடுக்கம் நின்ற வண்டி

அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நான் வண்டி ஓட்டியதே இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் பறக்கிற மோட்டார் சைக்கிள்களின் ஹேண்டில் ஆட்டத்தைச் சரிசெய்து பிழைக்கிறவன் நான். அந்த ஆட்டம் எப்படி இருக்கும் என்று என் கைகளுக்குத் தெரியாது. நீச்சல் தெரியாதவன் கரையில் நின்றுகொண்டு நீச்சல் சொல்லிக்கொடுக்கிற கதைதான். ஆனாலும் இந்தப் பக்கத்தில் யாருக்கு ஹேண்டில் ஆடினாலும் என்னிடம்தான் வருவார்கள். என் பட்டப்பெயரே அறுபது. புதிதாக வருகிறவர்கள் அதை என் வயது என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த வயதுக்கு எனக்கு இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன, ஆனால் என் முகத்தைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

உட்காருங்கள், ஐயா. அந்த முக்காலியில் வேண்டாம், அது என் தங்கையுடையது. இதில் உட்காருங்கள், கிரீஸ் கறை காய்ந்துவிட்டது, உடுப்பில் ஒட்டாது. மாப்பிள்ளை உள்ளே படுத்திருக்கிறார். வலி மாத்திரை போட்டுக்கொண்டால் மதியம் வரைக்கும் எழுந்திருக்கமாட்டார். நாம் நிதானமாகப் பேசலாம். என்னிடம் தாராளமாக இருக்கிற சரக்கு நிதானம் ஒன்றுதான்.

விபத்தில் சிக்கிய மாப்பிள்ளையின் வண்டியைப் பிரித்துப் பார்த்து, ஆய்வாளர் என்ற முறையில் நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஸ்டீயரிங் பாகங்கள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன, விபத்துக்கு அவை காரணமல்ல, ஓட்டியவரின் அதிவேகமே காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டியைப் பராமரித்தவன் என்ற முறையில் அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டால், என் மாப்பிள்ளை மேல் வழக்கு நடக்கும். அவர் அதற்குத் தயாராக இருக்கிறார். நானும் பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் என் வேலை முடிந்தது.

இந்தப் பட்டறையில் நாங்கள் மூன்று பேர். நான் இறுக்குகிறவன். மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், ஓட்டிப் பார்க்கிறவர். தங்கை உதிரிப்பாகங்களை எடுத்துக் கொடுத்து, வருகிறவர்களிடம் பேசி, எங்கள் இருவரையும் கட்டி மேய்க்கிறவள். அம்மாவும் அப்பாவும் போனபிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவன் நான் என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் எனக்குச் சாப்பாடு போட்டு, சட்டைக்குப் பொத்தான் தைத்து, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வளர்த்தது அவள்தான். எனக்கும் ஒரு மனைவி இருந்தாள். எதற்கெடுத்தாலும் மெதுவாக, மெதுவாக என்கிற மனிதனோடு இருப்பதைவிட வேகமாகக் கிளம்பிவிடுவது மேல் என்று அவள் முடிவெடுத்து வெகுகாலம் ஆகிறது. அதன்பிறகு தங்கையும் மாப்பிள்ளையும் பட்டறைக்குப் பின்னால் உள்ள என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அடுத்த அறையில் அவர்கள் பேசுகிற சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். என்ன பேசுகிறார்கள் என்பது முக்கியமில்லை, சத்தம் கேட்டால் போதும்.

எங்கள் வேலை முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்றப் பட்டறைகளில் வண்டியை ஓட்டிப் பார்த்தவன் வந்து வாயால் சொல்வான். எங்களிடம் அந்தப் பழக்கம் கிடையாது. மாப்பிள்ளை நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து இறங்குவார், கையுறையைக் கழற்றுவார், தன் இரண்டு உள்ளங்கைகளையும் என் உள்ளங்கைகளின் மேல் வைப்பார். பேசமாட்டார். பேசினால் அவருடைய சொந்த அபிப்பிராயம் கலந்துவிடும். அவர் கையில் மிச்சமிருக்கிற குறுகுறுப்பை வைத்து நான் சொல்வேன்: இது டயரில் காற்றுக் குறைவு, இது சக்கரத்தில் ஒரு பக்கம் கனம், இது ஹேண்டில் கழுத்துக்குள் இருக்கிற கோன் செட் என்கிற பேரிங் தளர்ந்ததால் வந்தது. இரண்டு ஆண்கள் தெருவோரத்தில் கையோடு கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். “ஜோசியம் பாத்து முடிச்சாச்சா?” என்று தங்கை உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டோம். கை அமைதியாக இருந்தால் வண்டி அமைதியாக இருக்கிறது. இதுதான் எங்கள் பட்டறையின் வேதவாக்கு. யாராவது வந்து அது தப்பு என்று சொல்லியிருந்தால் அவரை வெளியே அனுப்பியிருப்போம்.

அது தப்பு என்று எனக்கு மட்டும் தெரியும்.

வேகத்தில் ஓடுகிற வண்டிக்கு இரண்டு விதமான ஆட்டம் உண்டு. ஒன்றை நாங்கள் நடுக்கம் என்போம். ஹேண்டில் மட்டும் படபடவென்று துடிக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது நல்ல மனது படைத்த ஆட்டம். சொல்லிவிட்டு வரும், வேகத்தைக் குறைத்தால் போய்விடும். இன்னொன்று நெளிவு. அது இன்னும் கூடுதலான வேகத்தில் வரும். ஹேண்டில் பேசாமல் இருக்கும், முழு வண்டியும் பின்பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மெதுவாக வளையும், ஒவ்வொரு வளைவும் முந்தினதைவிடப் பெரிதாக இருக்கும். பின்சக்கரத்துக்கும் பின்னால் கனம் ஏற ஏற நெளிவு சீக்கிரம் வரும். நடுக்கத்தை அடக்குவதற்கு ஒரு சுலப வழி இருக்கிறது. ஹேண்டிலுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவே எண்ணெய் நிரப்பிய ஒரு சின்னத் தண்டைப் பூட்டுவது, டேம்பர் என்பார்கள். அதில் ஒரு திருகு உண்டு. கொஞ்சம் இறுக்கினால் நடுக்கம் அடங்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் நடுக்கம் சுத்தமாகச் செத்துவிடும், ஆனால் நெளிவுக்குக் கொண்டாட்டம். ஹேண்டில் தானாகவே திருத்திக்கொள்கிற சின்னச் சின்ன அசைவுகள் போய்விடுவதால், பின்பக்கம் நெளியத் தொடங்கினால் தடுத்து நிறுத்த ஆளில்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒருமுறை ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதியின் வண்டி வந்தது. பின்னால் பெரிய பெட்டி, அது நிறைய மாதிரி மருந்துகள். எனக்கு அன்று என்ன யோசனையோ, டேம்பர் திருகைக் கடைசிவரைக்கும் இறுக்கிவிட்டேன். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளையின் முகம் வெளுத்திருந்தது. உள்ளங்கைகளை வைத்தார். குறுகுறுப்பே இல்லை, அவ்வளவு அமைதி. ஆனால் அவர் முழங்கால்கள் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. “மச்சான், இது கையில இல்ல, கீழ எங்கயோ பாம்பு மாதிரி போகுது” என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. “பெட்டிய சரியா பூட்டல மாப்பிள்ளை, அதான்” என்று சொல்லிவிட்டு, அவர் முகம் கழுவப் போன நேரத்தில் திருகைப் பழையபடி தளர்த்தினேன். தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டால் என் கைராசிக்குக் களங்கம் வந்துவிடும் என்ற பயம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வெறும் ஜம்பம். அன்றிலிருந்து பின்பெட்டி உள்ள வண்டிகளைப் பெட்டியில் கனம் ஏற்றித்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பட்டறைக்கு ஒரு விதி போட்டேன். காரணத்தைச் சொல்லவில்லை, மாப்பிள்ளையும் கேட்கவில்லை. அவர் என்னிடம் காரணம் கேட்கிறவரில்லை.

வாசலில் ஒரு பலகை பார்த்திருப்பீர்கள். “பின்னால் அமர்பவர் முன்னவரை ஒட்டி அமரவும்.” அதுவும் என் கைவண்ணம்தான். பின்னால் உட்காருகிறவர்கள் ஓரத்துக்குத் தள்ளி உட்கார்ந்தால் கனம் பின்னுக்குப் போய்விடும் அல்லவா? அதனால் ஜோடியாக வருகிறவர்களிடமெல்லாம், “ஒட்டி உக்காரும்மா, இன்னும் ஒட்டி உக்காரு” என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவேன். புதிதாகக் கல்யாணமானவர்கள் வெட்கத்தில் நெளிவார்கள். சண்டை போட்டுக்கொண்டு வந்த கணவன் மனைவி என்னை எரித்துவிடுவது போலப் பார்ப்பார்கள். “அறுபதண்ணன் பட்டறைக்குப் போனா குடும்பம் ஒண்ணு சேந்துடும்” என்று எதிர்க்கடைத் தையல்காரர் கிண்டல் செய்வார். என் தங்கை மட்டும் சிரிக்கமாட்டாள். “அண்ணா, ஊருக்கெல்லாம் உக்கார கத்துக் குடுக்கற. நீ ஒரு தடவையாவது பின்னாடி உக்காந்து போயிருக்கியா?” என்பாள். போனதில்லை. மற்றவர்கள் ஓட்டுகிற வண்டியில் ஏறுகிற தைரியம் எனக்குக் கிடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காலை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தாங்கள் இங்கிருந்து போகப்போவதாகத் தங்கை சொன்னாள். நெடுஞ்சாலையின் மறுமுனையில் இருக்கிற பெரிய ஊரில் ஒரு இடம் பார்த்திருக்கிறார்களாம். சொந்தமாகப் பட்டறை. உதிரிப்பாகக் கடையை அவள் தனியாக நடத்துவாளாம். மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் அவருடைய ஆசை, என் தங்கையை அவர்தான் கிளப்பிவிடுகிறார் என்று நான் உடனே முடிவுகட்டிவிட்டேன். கூடப்பிறந்தவளைவிட மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்வது சுலபம். உலகம் முழுக்க மைத்துனர்கள் அதற்குத்தானே இருக்கிறார்கள்.

“மாப்பிள்ளை, இங்க என்ன குறைச்சல் உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“குறைச்சலெல்லாம் ஒண்ணும் இல்ல மச்சான்,” என்றார்.

“அவர ஏன் கேக்கற? இடம் பாத்தது நான். போகணும்னு சொன்னதும் நான்,” என்றாள் தங்கை. “உன்கூடவே இருந்தா நானும் அறுபதுலயே நின்னுடுவேன் அண்ணா.”

கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னாள், என் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறிக்கொண்டே. நானும் சிரித்தேன். எனக்கு அது சுருக்கென்று தைத்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. நான் அன்றாடம் கேட்கிற கேலிதானே. அன்றைக்கு எத்தனையோ வேலை பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஒரே ஒரு வண்டியின் கோன் செட்டைத் திருப்பிப் போட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

அவர்கள் போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். பட்டறையில் எனக்குக் கைகள் இருக்காது. மாப்பிள்ளையின் கைகள் இல்லாமல் எந்த வண்டியையும் என்னால் புரிந்துகொள்ள முடியாது. அதுகூடப் பரவாயில்லை. அடுத்த அறையில் சத்தம் இருக்காது. அவர்களிடம் போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அழுதிருக்கலாம்கூட. அதற்கெல்லாம் ஒரு தைரியம் வேண்டும் ஐயா. நான் அறுபது.

அதனால் ஒரு கால் போதும் என்று தீர்மானித்தேன்.

மாப்பிள்ளையின் கால். இடது, வலது என்று எனக்குத் தனிப்பட்ட விருப்பம் எதுவும் இல்லை. நெடுஞ்சாலையில் ஒரு சறுக்கல், ஒரு எலும்பு முறிவு, சில மாதங்கள் படுக்கை. அதற்குள் அந்த இடத்தை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். தங்கைக்கும் புது ஊர் மோகம் தெளிந்துவிடும். நான் அவரைத் தாங்கிப் பிடித்து நடக்கவைப்பேன், என்னைப் போல ஒரு மச்சான் உண்டா என்று அவர்கள் இருவரும் நெகிழ்வார்கள். கைகளுக்கு மட்டும் எதுவும் ஆகக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அதற்காக அவருக்கு நல்ல தடித்த கையுறை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கால் உடைந்தவர் எப்படி வண்டி ஓட்டிப் பார்ப்பார் என்ற கேள்வி என் புத்திக்கு அப்போது எட்டவில்லை. நான் புத்திசாலி என்று உங்களிடம் இதுவரை சொல்லவில்லையே.

மாப்பிள்ளையின் சொந்த வண்டி பழையது. வேகமானி செத்து வெகுநாளாகிறது. அவர் அதை மாற்றவேயில்லை, ஏனென்றால் அந்த வண்டியில் தொண்ணூறைத் தாண்டினால் ஹேண்டில் லேசாக நடுங்கும். நடுக்கம் வந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். “என் கை சொல்லும் மச்சான், முள்ளு எதுக்கு?” என்பார். ஊர் வண்டிகளையெல்லாம் சரிசெய்கிற பட்டறையில் எங்கள் வண்டி மட்டும் நடுங்கிக்கொண்டிருந்ததற்கு இதுதான் காரணம். அந்த நடுக்கம்தான் அவருக்குக் கடிவாளம்.

கடிவாளத்தை அவிழ்த்துவிடச் சொல்லிக் கேட்டது என் தங்கைதான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். “போறதுக்கு முன்னாடி அந்த நடுக்கத்த மட்டும் சரி பண்ணிக் குடு அண்ணா. எனக்கு பயமா இருக்கு,” என்றாள். கூடப்பிறந்தவள் வாய்விட்டுக் கேட்கும்போது முடியாது என்று சொல்ல முடியுமா? டயரை மாற்றி, சக்கரத்தைச் சமன்செய்து, கோன் செட்டைப் பார்த்திருந்தால் அது முறையான வைத்தியம். நான் டேம்பரைப் பூட்டினேன். என்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த சரக்கு, ஒரு பந்தயக்காரர் ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போனது. திருகைக் கடைசிவரைக்கும் இறுக்கினேன். அதற்கு மேல் ஒரு சின்ன மூடியைப் போட்டேன், தூசி போகாமல் இருக்க.

மாப்பிள்ளை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். கைகளை என் கைகள் மேல் வைத்தார். அப்படியொரு அமைதியை அந்தக் கைகளில் நான் கண்டதில்லை. அன்று மட்டும் அவர் பேசிவிட்டார். “கை தூங்குது மச்சான்,” என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. இத்தனை நாள் இதை ஏன் செய்யாமல் வைத்திருந்தோம் என்று கேட்டார். பிரியும்போதுதான் சில விஷயங்கள் தோன்றும் என்று சொன்னேன். அவர் வண்டியிலும் பின்பெட்டி உண்டு, அதில் கனம் ஏற்றி இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது பட்டறை விதி. நான் போட்ட விதி. அதை அவர் மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தவில்லை.

அடுத்தது வைஸ். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற அந்தக் கருவி என் மேசையில் இத்தனை காலம் இருந்தது. அதோ, நான்கு ஓட்டைகள் தெரிகிறதே, அங்கேதான். வார்ப்பிரும்பு, ஒரு ஆள் தூக்க முக்கிமுனக வேண்டும். புது இடத்தின் சாவி வாங்க மாப்பிள்ளை போகப்போகிறார் என்று தெரிந்ததும் அதைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டேன். “வெறுங்கையோட போகக்கூடாது மாப்பிள்ளை. முதல் பொருளா இது உள்ள போகட்டும்,” என்றேன். தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா வாங்கிய வைஸ் அது. வண்டியின் பின்பெட்டியில் நானே வைத்தேன். பெட்டியின் பின்சுவரை ஒட்டி வைத்து, நகராமல் இருக்கத் துணியால் அடைத்தேன். முன்பக்கமாக வைத்திருக்கலாம், இடம் இருந்தது.

பாருங்கள், நான் எதையும் கழற்றவில்லை, எதையும் தளர்த்தவில்லை. ஒரு போல்ட்டுக்குக்கூட நான் துரோகம் செய்யவில்லை. கேட்டதைச் செய்தேன், கேட்காததைப் பரிசாகக் கொடுத்தேன். தளர்ந்த போல்ட்டைத் தேடித்தான் நீங்கள் வண்டியைப் பிரித்தீர்கள், அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. டேம்பரைக் கழற்றிக் கையில் எடுத்தும் பார்த்திருக்கிறீர்கள். “உயர்தரமானது, நன்கு இறுக்கப்பட்டுள்ளது” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அடுத்த வரியிலேயே ‘காரணமல்ல’ என்று எழுதி என் மூக்கை உடைத்துவிட்டீர்கள். இப்படி ஒரு வேலையை இந்தப் பக்கத்தில் வேறு எவனாலும் செய்ய முடியாது, ஐயா. அதுவும் வேகமே தெரியாதவன் செய்த வேலை. அதைப் போய் வண்டி ஓட்டியவர் கணக்கில் எழுதினால் எனக்கு எப்படி இருக்கும்?

உள்ளே ஏதோ சத்தம். இல்லை, புரண்டு படுக்கிறார். கால் சேர்ந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இடது கால். நான் கேட்டதில் ஒரு குறையும் இல்லாமல் கிடைத்துவிட்டது. ஆனால் கைகள் போய்விட்டன. கையுறை காப்பாற்றியது, ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் அன்றிலிருந்து இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. தம்ளரைப் பிடித்தால் தண்ணீர் சிந்துகிறது. போன வாரம் அவராகவே உள்ளங்கைகளை என் உள்ளங்கைகள் மேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். என்ன கோளாறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பாலத்தைத் தாண்டிய இறக்கத்தில் நடந்தது என்று அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். கை அமைதியாக இருந்ததால் எவ்வளவு வேகம் என்றே தெரியவில்லை என்றும் சொல்லியிருப்பார். நீங்கள் அதைச் சப்பைக்கட்டு என்று நினைத்திருப்பீர்கள். அது சத்தியம். பின்பக்கம் நெளியத் தொடங்கியதும் ஹேண்டிலைத் திருப்பப் பார்த்திருக்கிறார், அது திரும்ப மறுத்திருக்கிறது. நான் இறுக்கினால் அப்படித்தான். அவர் ஒரு பக்கம் சறுக்கி விழுந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த என் தங்கை இன்னொரு பக்கம், தடுப்புச் சுவரின் மேல். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

என் வேகம்தான் அவளைக் கொன்றுவிட்டது மச்சான், என்னை மன்னித்துவிடுங்கள் என்று மாப்பிள்ளை தினமும் அழுகிறார். மன்னித்துவிட்டேன். முதல் நாளே மன்னித்துவிட்டேன். அவர் தலையைத் தடவிக்கொடுத்து, “விதி மாப்பிள்ளை, நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றேன். அவருக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? இப்போது அடுத்த அறையில் ஒரு ஆளின் சத்தம் மட்டும் கேட்கிறது. அதுவும் பேச்சில்லை. தூக்கம் முன்போல வருவதில்லை, ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

அவள் போவதாகவே இல்லை, ஐயா. அதை நீங்கள் நம்ப வேண்டும். அவர் தனியாகப் போய்ச் சாவி வாங்கி வருவதாகத்தான் ஏற்பாடு. என் கணக்கில் ஒரு ஆள், ஒரு பெட்டி, ஒரு கால். மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பி வாசலுக்குக் கொண்டுவந்த பிறகுதான், தானும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் தலைக்கவசத்தோடு படியிறங்கி வந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கிளம்புவாளே, அந்த முகம். என்னைப் பிரிந்து போவதில் ஒருத்திக்கு அவ்வளவு சந்தோஷம் இருக்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாயைத் திறந்தேன். ஆனால் என்ன காரணம் சொல்வது? ஹேண்டில் சரியில்லை என்றா? அதை இறுக்கியவனே நான்தானே. என் பெயர் என்ன ஆவது?

அவள் ஏறி உட்கார்ந்தாள். பலகையில் எழுதியிருக்கிற மாதிரியே, மாப்பிள்ளையை ஒட்டி, அவர் முதுகில் கன்னம் படுகிற மாதிரி உட்கார்ந்தாள். “பாத்தியா அண்ணா, சரியா உக்காந்திருக்கேனா?” என்று கேட்டாள். அவள் என்னிடம் சரியா என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

கவசத்தின் வாரை இழுத்துச் சரிபார்த்தேன். அது நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவள் தோளில் தட்டி, “இவ்ளோ ஒட்டி உக்காந்தா போய்ச் சேர்றதுக்குள்ள முதுகு வலிச்சிடும். பின்னாடி பெட்டில சாஞ்சு உக்காரும்மா,” என்றேன்.

நகர்ந்து பெட்டியில் சாய்ந்துகொண்டாள். நான் சொன்னால் அவள் உடனே கேட்டுக்கொண்டதும் அதுதான் முதல் தடவை. தெருமுனை திரும்புகிறவரை கை காட்டிக்கொண்டே போனாள்.

நீண்ட தூரப் பயணம் இல்லையா. அவள் வசதியாக உட்கார்ந்து போகட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன், ஐயா. வேறு எந்த எண்ணமும் எனக்கு இல்லை.